கேலிப்பரில் இடிக்கும் அலாய் வீல்: அளப்பது முதல் அரம் போடுவது வரை

புது அலாய் வீலை ஹப்பில், அதாவது வீல் உட்காரும் நடுத்தட்டில், ஏற்றுகிறீர்கள். பாதி வழியில் நின்றுவிடுகிறது. அல்லது முழுதாக உட்கார்ந்துவிட்டு, கையால் சுற்றும்போது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகமான கேலிப்பரில் ‘கிர்ர்’ என்று உரசுகிறது. உடனே வரும் கேள்வி: “கேலிப்பரைக் கொஞ்சம் தேய்த்துவிடலாமா?”

சில சமயம் தேய்க்கலாம். பெரும்பாலான நேரம் அதற்குத் தேவையே இருக்காது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் தேய்த்த விதத்தில் இல்லை, அளக்காமல் தேய்த்ததில்தான் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் அரம் ஒன்பதாவது படியில்தான் வருகிறது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையை வைத்துத்தான் அடுத்த படி தேவையா என்று முடிவு செய்ய முடியும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஜாக், வண்டியைத் தாங்க ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடைகட்டை, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கில் நட்டை இறுக்கும் ஸ்பானர்), வெர்னியர் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி), கம்பி பிரஷ், குழந்தைகள் விளையாடும் களிமண், மெல்லிய பாலித்தீன் தாள், அழியாத மார்க்கர் பேனா. தேய்க்க வேண்டி வந்தால் நடுத்தரமும் மென்மையுமாக இரண்டு அரங்கள், உப்புத்தாள், பிரேக் கிளீனர்.

பட்டியலில் ஆங்கிள் கிரைண்டர் இல்லை. மறந்துபோய் விடவில்லை. காரணம் பிறகு வரும்.

ஜாக் வண்டியைத் தூக்கத்தான், தாங்கி நிறுத்த அல்ல. வீலைப் பத்து முறையாவது கழற்றி மாட்டப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் வண்டி லேசாக அசையும். ஸ்டாண்டு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

வண்டியின் சர்வீஸ் கையேடும் கையில் இருக்கட்டும். வீல் நட், கேலிப்பர் போல்ட் இரண்டின் டார்க் அளவும் தேவைப்படும்.

2. இடிப்பது கேலிப்பரில்தானா?

வீல் உட்காராமல் போக வேறு காரணங்களும் உண்டு. வீலின் நடுத்துளை (சென்டர் போர்) ஹப்பை விடச் சிறியதாக இருக்கலாம். நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் (பிசிடி) நூலிழை மாறுபடலாம். 100 மி.மீ.க்குப் பதில் 98 என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நட் நேராக உட்காராது. ஹப் முகத்தில் துரு ஏறியிருக்கலாம், டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூ வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம்.

முதலில் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று சுத்தம் செய்யுங்கள். துருவின் மேல் வீலை மாட்டி அளந்தால் அந்த அளவை நம்ப முடியாது. இரண்டு பக்க ஹப்பிலும் துருவின் தடிமன் ஒன்றாக இருக்காது.

கேலிப்பரில்தான் இடிக்கிறது என்று உறுதியானால், எந்தத் திசையில் என்று பாருங்கள். இரண்டு விதம் உண்டு.

ஒன்று, கேலிப்பரின் வெளிமுகம் ஸ்போக்கின் பின்பக்கத்தில் இடிப்பது. வீல் வெளியே தள்ளிப் போனால் இது தீரும்.

மற்றொன்று, கேலிப்பரின் முதுகு ரிம்மின் உள்சுவரில் இடிப்பது. இங்கே குறை வீலின் விட்டத்தில். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைத்து வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் தட்டு பெரும்பாலும் உதவாது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் சறுக்கல். முதுகு இடிக்கிற வீலுக்கு ஸ்பேசர் மேல் ஸ்பேசராக வாங்கிக் குவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

15 அங்குல வீல் என்றால் 381 மி.மீ., 16 என்றால் 406.4, 17 என்றால் 431.8. ஆனால் இவை டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். கேலிப்பருக்குக் கிடைக்கும் உள்ளிடம் இதைவிடக் குறைவு. டயர் ஏற்றுவதற்காக ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் அது மேடு. அந்த மேடு கேலிப்பருக்கு நேர் மேலே வந்தால் இடம் இன்னும் குறையும். முதுகு இடிக்கிறபோது ஸ்பேசர் எப்போதாவது உதவுகிறது என்றால், அந்த மேட்டைக் கேலிப்பரின் மேலிருந்து நகர்த்துவதால்தான்.

ஆஃப்செட் (ஈடி) எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ஈடி 45-லிருந்து ஈடி 40-க்கு வந்தால் ரிம் 5 மி.மீ. வெளியே நகரும் என்பது உண்மை. ஆனால் ஸ்போக் எப்படி வளைந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. ஒரே அகலம், ஒரே ஈடி கொண்ட இரண்டு வீல்களில் ஒன்று தாராளமாக ஏறும், மற்றது இடிக்கும். ஹப்பிலிருந்து வெளிப்பக்கமாகக் குழிந்து போகும் ஸ்போக்கில் கேலிப்பருக்கு இடம் அதிகம். தட்டையான முகம் கொண்ட வீலில் குறைவு.

4. டயர் ஏற்றும் முன் வெறும் வீலை மாட்டிப் பாருங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள்.

டயர் ஏற்றிய வீலைத் திருப்பிக் கொடுப்பது கடினம். வெறும் வீல் எடை குறைவு, உள்ளே விளக்கடித்துப் பார்க்கலாம், கையை விட்டுத் தடவலாம். டயர் இருந்தால் இதில் எதுவும் வசதிப்படாது.

முன் வீல், பின் வீல் இரண்டையும் பாருங்கள். பின்பக்கக் கேலிப்பர் சிறியது என்று நம்பி விட்டுவிடுவார்கள். கைப்பிரேக் லீவரோ மோட்டாரோ சேர்ந்த பின்பக்கக் கேலிப்பர் எதிர்பாராத பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இடதும் வலதும்கூட ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எல்லா நட்டையும் போட்டு, நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்து அல்லாமல் எதிரெதிராக), முழு டார்க்கில் இறுக்குங்கள். கையால் இறுக்கியபோது 2 மி.மீ. இடைவெளி காட்டிய வீல், முழுதாக இறுக்கியதும் உரசத் தொடங்கும். வீல் அப்போதுதான் உண்மையில் ஹப்பில் உட்காருகிறது.

5. களிமண் வைத்து அளப்பது

கண்ணளவு இங்கே செல்லாது. ஸ்போக்குக்குப் பின்னால் எந்த அளவுகோலும் போகாது. அதனால் களிமண்.

கேலிப்பரின் வெளிமுகத்தில் மேடான மூன்று நான்கு இடங்களிலும், முதுகில் இரண்டு இடங்களிலும் 8 மி.மீ. தடிமனுக்குக் களிமண் உருண்டைகளை ஒட்டுங்கள். மேலே பாலித்தீன் தாளை மூடுங்கள், இல்லையென்றால் களிமண் வீலோடு போய்விடும். வீலை மாட்டி இறுக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள்.

கழற்றிப் பார்த்தால் களிமண் நசுங்கியிருக்கும். மெல்லிய இடத்தில் பிளேடால் வெட்டி, வெர்னியரில் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டும்படாமல் இருந்த இடம் எது, உண்மையில் இடித்த இடம் எது என்று இப்போது பிரிந்து தெரியும். பல நேரம் இடிப்பது கேலிப்பரின் உடம்பே அல்ல. வார்ப்பில் வந்த ஒரு பிசிறு, காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளின் ரப்பர் மூடி, டிஸ்க்கில் உரசும் பேடின் ஸ்பிரிங் முனை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிக் கேலிப்பர் இடைவெளியைச் சோதிப்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. கேலிப்பரும் வீலும் ஒரே நக்கிளில்தான் (ஸ்டியரிங்கோடு திரும்பும் தாங்கி) இருக்கின்றன, சேர்ந்தேதான் திரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டியது பிரேக் ஹோஸ், ஃபெண்டர் உள்மூடி, சஸ்பென்ஷனின் கீழ்க்கை ஆகியவற்றுக்காக. அதுவும் டயர் ஏற்றிய பிறகு.

6. தேய்ந்த பேட் காட்டும் பொய்

இதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெரும்பாலான கார்களில் இருப்பது மிதக்கும் வகைக் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளிப்பக்கப் பேடைக் கேலிப்பரின் விரல்கள் இழுத்துப் பிடிக்கும். வெளிப்பக்கப் பேட் தேயத் தேய, விரல்கள் டிஸ்க்கை நோக்கி உள்ளே நகரும். அதாவது, ஸ்போக்கை விட்டு விலகும். பழைய பேடுடன் அளந்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும். புதுப் பேட் போட்டதும் கேலிப்பர் வெளியே வந்துவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். புதுப் பேடின் உரசு பகுதி 11 மி.மீ., இப்போது இருப்பது 4 மி.மீ. என்றால் வித்தியாசம் 7. டிஸ்க்கின் வெளிமுகம் 1 மி.மீ. தேய்ந்திருந்தால் மொத்தம் 8. களிமண்ணில் ஸ்போக் பக்கம் 6 மி.மீ. கிடைத்தது என்று நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். அடுத்த முறை பேடும் டிஸ்க்கும் மாற்றும்போது வீல் ஏறவே ஏறாது.

ஒன்று, புதுப் பேட் போட்டு அளங்கள். அல்லது இந்த வித்தியாசத்தைக் களிமண் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்க இடைவெளி பேட் தேய்மானத்தால் பெரும்பாலும் மாறாது. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான வகைக் கேலிப்பரின் உடம்பு நகராது என்பதால், அதற்கு இந்தக் கழித்தல் தேவையில்லை.

7. எவ்வளவு இடைவெளி போதும்?

இரண்டு திசையிலும் 3 மி.மீ. குறையாமல் பார்த்துக்கொள்வேன். உரசாமல் இருந்தால் போதாதா என்றால், போதாது.

அலுமினியம் சூடானால் விரியும். 150 மி.மீ. நீளத் துண்டு 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய அரை மி.மீ. நீளும். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது கேலிப்பரின் விரல்கள் லேசாக விரியும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வீலே நெளியும், பேரிங்கின் ஆட்டமும் அதோடு சேரும். போதாததற்கு ரோட்டில் இருக்கும் சின்னக் கற்கள். கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒன்று மாட்டினால் ரிம்மின் உள்சுவரில் வட்டமாகக் கோடு கிழித்துவிடும்.

3 மி.மீ. கிடைத்துவிட்டதா? சரி, அடுத்த மூன்று பகுதிகளைத் தாண்டிப் பதினோராவதுக்குப் போங்கள்.

8. தேய்க்காமல் தீர்க்கும் வழிகள்

முதலில் பேலன்ஸ் எடைகள். ரிம்மின் உள்சுவரில் ஒட்டும் எடைத் துண்டு பல மி.மீ. தடிமன் இருக்கும். வெறும் வீலாகப் பார்த்தபோது சரியாக இருந்தது, பேலன்ஸ் செய்து வந்ததும் ‘டக் டக்’ என்கிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். கேலிப்பர் சுற்றிவரும் பட்டையை ரிம்மின் உள்ளே மார்க்கரால் கோடு போட்டுக் காட்டி, அதற்கு வெளியே எடை ஒட்டச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் வசதியான இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அது பெரும்பாலும் கேலிப்பருக்கு நேர் மேல்.

அடுத்து, ஸ்போக் இடிப்புக்கு ஸ்பேசர். 3 மி.மீ. தேவை என்றால் 3 அல்லது 5 போடுங்கள், 10 அல்ல. வீல் வெளியே போகப் போகப் பேரிங் சுமை கூடும், ஸ்டியரிங்கின் உணர்வு மாறும், டயர் ஃபெண்டரை நெருங்கும்.

ஸ்பேசர் போட்டதும் எண்ண வேண்டியது நட்டின் சுற்றுகளை. ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட் ஏறும் மரைக்கம்பி) எத்தனை மி.மீ. விட்டமோ அத்தனை மி.மீ. நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், 1.5 மரை (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.5 மி.மீ.) என்றால் 8 முழுச் சுற்று. அதே ஸ்டட்டில் 1.25 மரை என்றால் 10. 14 மி.மீ., 1.5 என்றாலும் 10. இதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

நீளமான ஸ்டட்டுக்கும் ஒரு பொறி உண்டு. முனை மூடிய நட்டில் ஸ்டட்டின் நுனி முட்டி நின்றால், டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லிவிடும், வீலோ இறுகியிருக்காது. ஸ்டட்டுக்குப் பதில் போல்ட் உள்ள வண்டியில், நீளமான போல்ட் ஹப்புக்குப் பின்னால் நீட்டி உள்ளே எதையாவது உரசும். போட்டதும் ஹப்பைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

மெல்லிய ஸ்பேசர் ஹப்பின் நடு உதட்டை விழுங்கிவிடும். வீலைத் தாங்கி மையப்படுத்த உதடு மிச்சம் இல்லையென்றால் ஸ்டியரிங் நடுங்கும். உதடு வைத்தே செய்த ஸ்பேசரைத் தேடுங்கள். இரண்டு ஸ்பேசரை அடுக்குவது கூடவே கூடாது.

செய்யக் கூடாத இரண்டு குறுக்குவழிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்குக் கீழே வாஷர் வைத்து அதை உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் பிராக்கெட்டின் நடுவில் டிஸ்க் ஓடாது. ஸ்போக்கின் பின்பக்கத்தைத் தேய்க்காதீர்கள்; ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் பகுதி அது, விரிசல் அங்கேதான் தொடங்கும்.

9. தேய்ப்பது: எங்கே கூடும், எங்கே கூடாது

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் குறைவது 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் அந்த வீல் உங்கள் காருக்கானது அல்ல. கேலிப்பர் தயாரிப்பாளர் யாரும் இதற்கு ஒப்புதல் தரமாட்டார். காப்பீடு, வாகனப் பரிசோதனை விதிகள் இதை ஏற்குமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

தேய்க்கக் கூடியவை: வார்ப்பு அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறு, புடைத்த எழுத்து அல்லது சின்னம், வெளிமூலையின் கூர்மை. அவ்வளவுதான்.

தொடக் கூடாதவை: டிஸ்க்கின் மேலே இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாலம், பிஸ்டன் அறையின் சுவர், பிரேக் எண்ணெய் ஓடும் துளைகளும் குழாயும், பிளீடர் நிப்பிளைச் சுற்றிய பகுதி, போல்ட் உட்காரும் காதுகள், பிராக்கெட். உள்ளே எண்ணெய்த் துளை எங்கே போகிறது என்று வெளியே தெரியாத கேலிப்பரில், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பாலத்தை ஏன் தொடக் கூடாது? வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் மாறும். தடிமனில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெடல் மட்டும் பஞ்சு மாதிரி ஆகும், பேட் சாய்வாகத் தேயும்.

10. தேய்க்கும் முறை

ஸ்லைடு பின் (கேலிப்பர் நகர்ந்து ஓடும் கம்பி) போல்ட்களைக் கழற்றிக் கேலிப்பரை எடுங்கள். ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள், அல்லது கீழே ஒரு முக்காலியில் வையுங்கள். ஹோஸின் உள்ளே ஏற்படும் கிழிசல் வெளியே தெரியாது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள பின்பக்கம் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்கு மாற்றுங்கள்.

பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டனின் முன்னால் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள்; யாராவது தெரியாமல் பெடலை மிதித்தாலும் பிஸ்டன் வெளியே வராது. பிஸ்டன் ரப்பர், பின் ரப்பர் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். உலோகத் தூள் உள்ளே போனால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, சில மாதம் கழித்துப் பிஸ்டன் இறுகும்.

களிமண் காட்டிய இடத்தை மார்க்கரால் கறுப்பாக்குங்கள். கறுப்பு போகும் வரை மட்டும் அரம் போடுங்கள். மாட்டிப் பாருங்கள். மறுபடி கறுப்பு, மறுபடி அரம். கிரைண்டர் வேண்டாம் என்றது இதனால்தான்: 1 மி.மீ.யை அது கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும், ரப்பர் சீலையும் சூடாக்கும்.

அரத்தின் கோடு பள்ளமாக நிற்கக் கூடாது. மூலையை உருட்டி, உப்புத்தாளால் மழமழவென்று ஆக்குங்கள். கூர்மையான பள்ளம் விரிசலுக்கு வாசல். பிறகு பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பிரேக் ரப்பர் இவற்றில் ஊறி உப்பிவிடும். வார்ப்பிரும்புக் கேலிப்பராக இருந்தால் தேய்த்த இடத்தில் வெப்பம் தாங்கும் பிரேக் பெயின்ட் ஒரு பூச்சு, துருவுக்காக. பெயின்டுக்கும் தடிமன் உண்டு, காய்ந்ததும் மறுபடி அளங்கள்.

11. மாட்டுவது

கேலிப்பர் போல்ட்களைக் கையேட்டில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட் என்று கையேடு சொன்னால் புதிது போடுங்கள்.

வீலின் நட் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து அதே வகை நட் போடுங்கள். கம்பெனி வீலின் நட்டையே புது அலாய்க்குப் போடுவது வழக்கமான தவறு. உருண்டை நட் கூம்பு இருக்கையில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். இறுகியது போலிருந்து தளர்ந்துவிடும்.

வண்டியை இறக்கியதும், எஞ்சினை ஓடவிட்டுப் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

12. ஓட்டிப் பார்ப்பது

கேலிப்பரின் மேடான இடங்களில் மார்க்கரால் மறுபடி கறுப்பு பூசிவிட்டுக் கிளம்புங்கள். முதலில் காலி இடத்தில் மெதுவாக, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, நான்கைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்து. ஜன்னல் திறந்திருக்கட்டும், பாட்டு வேண்டாம்.

சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால் எடைத் துண்டு. வளைவில் மட்டும் ‘கிர்ர்’ என்றால் இடைவெளி போதவில்லை. நேராகப் போகும்போதும் விடாமல் உரசினால் உடனே நிறுத்துங்கள். திரும்பி வந்து, ஆறிய பிறகு வீலைக் கழற்றிக் கறுப்பைப் பாருங்கள். ஓரிடத்தில் அழிந்திருந்தாலும் ஐந்தாவது படிக்குத் திரும்ப வேண்டும்.

80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்களை மறுபடி டார்க் வைத்து இறுக்குங்கள். புது வீலின் நட் இருக்கையும் பெயின்டும் அமர்ந்து கொஞ்சம் இடம் விடும்.

கடைசியாக ஸ்டெப்னி. அதையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். புது நட் அதற்குப் பொருந்தாவிட்டால் பழைய நட்களை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வையுங்கள். புதுப் பேடுடன் கிடைக்கும் இடைவெளியை ஒரு காகிதத்தில் எழுதிக் கையேட்டுக்குள் செருகிவிட்டால், அடுத்த முறை பேட் மாற்றும் மெக்கானிக் வீல் ஏறவில்லை என்று உங்களை அழைக்க மாட்டார்.